உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் போதவில்லையா? எடை குறைப்பு ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

புதுடெல்லி: உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. எலி லில்லி நிறுவனத்தின் 'மவுன்ஜாரோ' 2025 மார்ச் மாதத்திலும், நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் 'வெகோவி' அதே ஆண்டு ஜூன் மாதத்திலும், 'ஒசெம்பிக்' டிசம்பரிலும் அறிமுகமாயின. வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் உள்ள செமாக்ளுடைட் மூலக்கூறின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சுடன் முடிவடைவதால், உள்நாட்டு நிறுவனங்களும் குறைந்த விலையில் அதனைத் தயாரிக்க வழி திறந்துள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை "இந்த ஊசி இந்தியாவில் கிடைக்குமா?" என்பதே கேள்வியாக இருந்தது. இப்போது அது "எனக்கு இது தேவையா? தேவை என்றால் எவ்வளவு காலத்திற்கு?" என்று மாறியிருக்கிறது. முதல் பாதிக்கு விடை தேடுவோர் பலர். இரண்டாவது பாதியைப் பற்றி யோசிக்காமலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வோரும் பலர். பணமும் உடல்நலமும் ஒருசேரப் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

முயற்சி தோற்றது என்று எப்போது சொல்லலாம்?

இரண்டு வாரம் காலையில் நடந்துவிட்டு, அடுத்த வாரம் வந்த திருமண விருந்தில் கட்டுப்பாட்டைக் கைவிட்டதை மருத்துவர்கள் தோல்வியுற்ற முயற்சியாகக் கணக்கில் கொள்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை உணவு, உடற்பயிற்சி, உறக்கம் ஆகியவற்றில் தொடர்ச்சியான மாற்றம் செய்தும் தொடக்க எடையில் 5 சதவீதம் கூடக் குறையவில்லை என்றால்தான் அடுத்த கட்டம் பற்றிப் பேசுவது வழக்கம். 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 4 கிலோ மட்டுமே.

எடைக்கருவி காட்டும் எண் ஒன்றே முயற்சியின் பலனை அளந்துவிடாது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தை மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. எடை குறையவில்லை என்பதற்காக நடப்பதை நிறுத்திவிடும் ஒருவர், கண்ணுக்குத் தெரியாமல் கிடைத்துக்கொண்டிருந்த பயனையும் சேர்த்து இழக்கிறார்.

மருந்து குறித்து முடிவெடுக்கும் முன் எடை கூடுவதற்கு வேறு காரணம் உள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைபாடு, பெண்களிடம் காணப்படும் பிசிஓஎஸ் எனும் சினைப்பைக் கோளாறு, அரிதாக கார்டிசால் மிகுதி ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மாத்திரைகள், ஓலன்சபைன் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், நீரிழிவுக்கான இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி. சில நேரங்களில் புதிய ஊசியைத் தொடங்குவதைவிடப் பழைய மாத்திரையை மாற்றுவது எளிதான தீர்வாக அமைகிறது.

மன உறுதிக் குறைவா?

"வாயைக் கட்டினால் எடை தானாகக் குறையும்" என்ற அறிவுரையைக் கேட்காத பருமனானவர் நம் நாட்டில் இருக்க முடியாது. எடை குறையத் தொடங்கியதும் உடல் அதனைப் பஞ்ச காலமாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் குறைகின்றன. ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலும் சுருங்குகிறது. அமெரிக்காவில் எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அவர்களின் உடல் நாளொன்றுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது 2016-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

எனவே, உணவுக் கட்டுப்பாட்டில் தோற்றவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று எண்ணுவது அறிவியலுக்குப் பொருந்தாது. புதிய ஊசிகள் வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செமாக்ளுடைட் செயல்பட்டு மூளையில் பசியைத் தணிக்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைட், ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற மற்றொரு ஹார்மோனின் பணியையும் செய்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

உயரத்திற்கு ஏற்ற எடையைக் கணிக்கும் பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டெண் 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு இந்த மருந்துகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்ற துணை நோய் ஏதேனும் இருந்தால் 27 என்ற அளவே போதும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது முறையே சுமார் 82 கிலோ, 73.5 கிலோ என்று வரும்.

ஆனால் இந்திய உடல்வாகுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்துவதில்லை. புனேவைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சி.எஸ்.யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதனை விளக்கினர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3 என ஒரே அளவு. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். வெளியே ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

இதனால் இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று 2009-ல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. துணை நோய் இருந்தால் 25-க்கு மேலும், இல்லாவிட்டால் 27-க்கு மேலும் மருந்து பற்றி யோசிக்கலாம் என்பது அவர்களின் பரிந்துரை. மருந்துப் பெட்டியில் உள்ள அளவுகோலுக்கும் இதற்கும் இடைவெளி இருப்பதால், 26 என்ற பிஎம்ஐயுடன் நீரிழிவும் உள்ள ஒருவருக்கு ஒரு மருத்துவர் ஊசியைப் பரிந்துரைப்பதும் மற்றொருவர் மறுப்பதும் நடக்கிறது. இருவரும் தவறு செய்யவில்லை.

இந்தக் கணக்கில் வருவோர் எண்ணிக்கை சிறியதன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினரின் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. நாட்டின் சராசரி 24 சதவீதம். ஆனால் இவர்கள் அனைவருக்கும் ஊசி தேவை என்று பொருள் கொள்ளக் கூடாது. திருமணத்திற்கு முன் நான்கு கிலோ குறைய விரும்புவோருக்காக இந்த மருந்துகள் சோதிக்கப்படவில்லை.

எந்த மருந்து, எவ்வளவு பலன்?

1,961 பேர் பங்கேற்று 2021-ல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்வில், செமாக்ளுடைட் 2.4 மி.கி. வாரம் ஒருமுறை எடுத்தவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதமே குறைந்தது. டிர்செபடைட்டின் அதிகபட்ச அளவு 72 வாரங்களில் 20.9 சதவீதக் குறைவைத் தந்ததாக 2022-ல் வெளியான 'சர்மவுன்ட் 1' ஆய்வு தெரிவித்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு 2025-ல் வெளியான ஆய்வில் டிர்செபடைட் 20.2 சதவீதமும் செமாக்ளுடைட் 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன.

இவை சராசரிகள் என்பதை மறக்கலாகாது. ஸ்டெப் 1 ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி எடை சுமார் 105 கிலோ. அவர்களிலும் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம் கூடக் குறையவில்லை. 75 கிலோ எடையுள்ள ஒருவர் "20 கிலோ குறையும்" என்று எதிர்பார்த்துத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அதிகம் குறைக்கும் மருந்தே சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இதய நோய் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்த 'செலக்ட்' ஆய்வில், செமாக்ளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவற்றின் மொத்த அபாயத்தை 20 சதவீதம் குறைத்தது 2023-ல் உறுதியானது. எனவே ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஒரு தேர்வும், சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கு வேறொரு தேர்வும் பொருத்தமாகலாம். இங்கு ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ஒசெம்பிக்கும் வெகோவியும் ஒரே மூலக்கூறு என்றாலும், இந்தியாவில் ஒசெம்பிக் டைப் 2 நீரிழிவுக்கே அறிமுகமானது. எடை குறைப்புக்கான வெகோவியில் அதிகபட்ச அளவு கூடுதல்.

ஊசியே வேண்டாம் என்போருக்குப் பழைய மாத்திரையான ஆர்லிஸ்டாட் உள்ளது. உண்ணும் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சாமல் இது தடுக்கிறது. பலன் மிதமானது. எண்ணெயில் பொரித்த பூரியோ பஜ்ஜியோ சாப்பிட்டால் எண்ணெய் கலந்த மலப்போக்கு அவசரமாக ஏற்படும் என்பதால் பலர் இதனைத் தொடர்வதில்லை. பிஎம்ஐ மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையும் ஒரு வழி.

யார் தவிர்க்க வேண்டும்?

தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், 'மென் 2' எனும் மரபுவழி நோய் உள்ளவர்கள் இந்த ஊசிகளைப் பயன்படுத்தக் கூடாது. கருவுற்றிருப்போருக்கும் இவை தரப்படுவதில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாக்ளுடைட்டை நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் செயல்திறன் குறையக்கூடும். எனவே தொடங்கிய நான்கு வாரங்களுக்கும், மருந்தின் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த நான்கு வாரங்களுக்கும் வேறு பாதுகாப்பு முறை தேவை. இளம் பெண்களிடம் மருத்துவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி இது.

கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா எடுப்போருக்குச் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழலாம் என்பதால் அவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்க மருந்து தேவைப்படும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் ஊசி போடுவதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

பொதுவான பக்கவிளைவுகள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல். ஸ்டெப் 1 ஆய்வில் 44 சதவீதத்தினருக்குக் குமட்டல் இருந்தது. இதைத் தவிர்க்கவே செமாக்ளுடைட் 0.25 மி.கி. அளவில் தொடங்கி நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டப்படுகிறது. விரைவாகக் குறைய வேண்டும் என்று தாமாகவே அளவைக் கூட்டுவது ஆபத்து. கடுமையான வயிற்று வலி முதுகு வரை பரவினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதிகம் பேசப்படாத மற்றொன்று தசை இழப்பு. குறையும் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பு அல்லாத திசுக்களாக இருக்கலாம் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அரிசியும் கோதுமையும் தட்டை நிறைக்கும் இந்திய உணவில் புரதம் ஏற்கெனவே குறைவு. ஊசியால் பசி மங்கி, இரண்டு இட்லியுடன் எழுந்துவிடுபவருக்கு அந்தச் சிறு அளவிலும் புரதம் இல்லை என்றால் தசை கரைகிறது. பருப்பு, தயிர், பன்னீர், சோயா, முட்டை, மீன் ஆகியவற்றுக்குத் தட்டில் முதலிடம் தருவதும், வாரம் இரண்டு மூன்று நாள் பளு சார்ந்த பயிற்சி செய்வதும் மருந்தோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டிய சீட்டு. முதியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தசை குறைந்தால் தடுமாறி விழும் அபாயம் கூடுகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஸ்டெப் 1 ஆய்வு முடிந்து மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை அவர்கள் மீண்டும் பெற்றிருந்தனர். டிர்செபடைட்டிலும் இதே நிலைதான். 36 வாரங்களுக்குப் பின் மருந்தில்லா ஊசிக்கு மாற்றப்பட்டவர்களின் எடை 14 சதவீதம் ஏறியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் திரும்புவது போன்றதே இது. உலக சுகாதார அமைப்பும் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடல் பருமனை நீண்டகால நோயாகவே கருதி, உணவு, உடற்பயிற்சி ஆலோசனையுடன் இணைத்து இந்த மருந்துகளை நீண்டகாலம் பயன்படுத்த நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

ஆகவே, "மூன்று மாதம் போட்டுப் பார்க்கிறேன்" என்ற கணக்கு இங்கு செல்லாது. அறிமுக விலையில் மவுன்ஜாரோ 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி என்றால் 17,500 ரூபாய்; ஆண்டுக்கு 2.1 லட்சம். வெகோவியின் விலை 2025 நவம்பரில் 37 சதவீதம் வரை குறைக்கப்பட்ட பின்னும் தொடக்க அளவுக்கே மாதம் 10,850 ரூபாய் ஆனது. மருத்துவமனையில் சேராமல் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி என்பதால், வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவு பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. உள்நாட்டுத் தயாரிப்புகளால் விலை இறங்கினாலும், ஒரு மாத விலையைப் பார்க்காமல் மூன்றாண்டு விலையைக் கணக்கிட்ட பின் முடிவெடுப்பதே குடும்ப வரவு செலவுக்கு ஏற்றது. பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவோருக்கு எடையும் திரும்புகிறது, கடனும் நிற்கிறது.

மருந்துச் சீட்டு இன்றி வேண்டாம்

எடை குறைப்பு மருந்துகளின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. ஒரு காலத்தில் பரவலாக விற்ற சிபுட்ரமைன், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்ததால் இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. புதிய ஊசிகள் அதைவிட விரிவாகச் சோதிக்கப்பட்டவை என்றாலும், மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதவை. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் சமூக வலைதளங்களில் "சீட்டு தேவையில்லை, வீட்டுக்கே வரும்" என்ற அழைப்புகள் குறையவில்லை. போலி ஒசெம்பிக் ஊசிகள் குறித்து உலக சுகாதார அமைப்பு 2024 ஜூன் மாதம் எச்சரிக்கை வெளியிட்டது.

உரிமம் பெற்ற மருந்தகத்தில் ரசீதுடன் வாங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பயன்படுத்தத் தொடங்கும் வரை இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 40 டிகிரி வெயிலில் இருசக்கர வாகனப் பெட்டிக்குள் பயணித்து வரும் பொட்டலத்தின் தரத்தை யாரும் உறுதிப்படுத்த முடியாது.

மருத்துவரைச் சந்திக்கச் செல்லும்போது, தற்போது எடுக்கும் அனைத்து மருந்துகளின் பட்டியல், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள், குடும்பத்தில் உள்ள நோய்களின் விவரம், இதுவரை எந்த முயற்சியை எத்தனை மாதம் செய்தோம் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்வது பயன் தரும். தாங்கக்கூடிய முழு அளவை எட்டி மூன்று மாதங்கள் ஆன பின்னும் 5 சதவீதம் குறையவில்லை என்றால், அந்த மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை மறுபரிசீலனை செய்வது பொதுவான நடைமுறை. அந்த நாளை முதல் சந்திப்பிலேயே நாட்காட்டியில் குறித்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம்.